பெண் யானையும் ஒரு திணை வழுவும்

அன்பும் பொறுமையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காள் கணவன், ஓய்வுபெற்ற ரயில் நிலைய அறிவிப்பாளன், எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். குறித்த நேரத்தில் எழுந்து, குறித்த நேரத்தில் சாப்பிட்டு, எந்தத் தாமதமும் இல்லாமல் நலம். தங்கள் வீட்டு நலமும் அவ்வாறே வந்துகொண்டிருக்கும் என நம்புகிறேன். பதினோரு நாட்களாக உங்கள் அக்கா உங்கள் வீட்டில் தங்கியிருக்கிறது (அடித்துவிட்டேன், பாருங்கள்: தங்கியிருக்கிறாள்) என்பதால் அங்கே சாப்பாட்டுக்கும் இலக்கணத்துக்கும் குறைவிருக்காது.

முதலில் அவளுக்கே நேராக ஒரு கடிதம் போட்டேன், நாலு பக்கம். மூன்றாம் நாள் அதே கடிதம் சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. ஒற்றுப்பிழை ஒன்பது. ‘சந்தோஷம்’ என்று எழுதியதைச் சுழித்து மேலே ‘மகிழ்ச்சி’. கடைசியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைக்கு அடியில் எழுதுவாளே, அதே கையெழுத்தில், ‘கருத்து வரவில்லை. மீண்டும் எழுதுக.’ பத்துக்கு மூன்று! மாப்பிள்ளை, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்ற கருத்து முதல் பக்கத்திலேயே வருகிறது. மூன்று இதயம் இருந்தும் அது தனியாகத்தான் வாழ்கிறது என்று இரண்டாம் பக்கத்தில் விளக்கியிருக்கிறேன். இதற்கு மேல் என்ன கருத்து வேண்டும்? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் நீங்கள், உள்ளதை உள்ளபடி பார்க்கத் தெரிந்தவர். ஃபோனில் என்ன சொன்னீர்கள்? “அத்தான், அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் எதிர்பார்க்கிறாங்க. அதைச் சொல்லிட்டா அடுத்த பஸ்ஸுல கிளம்பிடுவாங்க.” “எந்த வார்த்தை மாப்பிளே?” “அதை நான் சொல்லக் கூடாதாம். உங்களுக்கு வீட்டுப்பாடமாம்.” கண்டுபிடித்துவிடுவேன், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு முன்னால் நடந்தது என்ன என்று என் வாயால் ஒருமுறை கேளுங்கள். ஒரு பக்கக் கதையையே பதினோரு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

முப்பத்தொரு வருஷம் இந்தத் தொண்டையை நம்பித்தான் ஊர் முழுக்கப் பெட்டியைத் தூக்கியது. நான் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்றால் ஜனம் எழுந்து நிற்கும், ‘தாமதமாக’ என்றால் உட்காரும். அப்பேர்ப்பட்ட குரலை ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் யாருக்கு அறிவிப்பது? ‘குளியலறை இன்னும் சற்று நேரத்தில் காலியாகும்’ என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அப்போதுதான் கல்யாணமாகிப் போன என் மகள், உங்கள் மருமகள், “அப்பா சும்மா இருந்தா அம்மாவுக்குத்தான் கஷ்டம்” என்று சொல்லி ஐம்பத்தைந்து அங்குலத்தில் ஒரு டிவியை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாள். சும்மா இருந்ததைவிட இது பெரிய கஷ்டம் என்று உங்கள் அக்கா இப்போது சொல்கிறாள். விஞ்ஞானம் வளர்ந்த இடத்திலெல்லாம் இப்படி எதிர்ப்பு இருந்திருக்கிறது.

அந்த டிவியில் ஒரு சேனல். காடு, கடல், நட்சத்திரம், எரிமலை, எல்லாம் தமிழிலேயே. படமெல்லாம் பிரமாதம். ஆனால் அதில் பின்னணி பேசுகிற மனிதர் இருக்கிறாரே, அவருக்குத் தொண்டையும் இல்லை, நிதானமும் இல்லை. சிறுத்தை பாயப்போகிறது, இவர் பால் கணக்கு சொல்கிற மாதிரி ‘சிறுத்தை நெருங்குகிறது’ என்கிறார். இப்படியா நெருங்குவது? ஒரு வண்டி நெருங்குவதைச் சொல்லவே எனக்கு மூன்று ஏற்ற இறக்கம் உண்டு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் டிவியின் சத்தத்தை அடைத்தேன், நானே பேசினேன். கீழ்வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு மாடிப்படி ஏறி வந்தார். “சார், அந்த மான் தப்பிச்சுதா இல்லையா? அதைச் சொல்லிட்டு அப்புறம் நிறுத்துங்க. எனக்குத் தையல் கோணிக்கிட்டுப் போகுது.” அன்று தெரிந்தது எனக்கு, நான் ஓய்வு பெறவில்லை, வேறு நடைமேடைக்கு மாற்றப்பட்டிருக்கிறேன் என்று.

அதற்கப்புறம் டிவி ஓடாத நேரத்திலும் குரல் ஓட ஆரம்பித்தது, ஒப்புக்கொள்கிறேன். வெங்காயம் வாங்கி வரச் சொல்லி அனுப்பினாள். போகிற வழியில் பிரபஞ்சத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே போய், வெறும் பையோடு திரும்பி வந்தேன். பதறவில்லை. “இந்தப் பிரபஞ்சத்துல தொண்ணூத்தஞ்சு சதவீதம் கண்ணுக்கே தெரியாதது, தெரியுமா?” என்று எடுத்துச் சொன்னேன். “அப்படியா? உங்க மத்தியானச் சாப்பாடும் அந்தத் தொண்ணூத்தஞ்சுலதான் இருக்கு, போய் உக்காந்து சாப்பிடுங்க” என்றாள். இன்னொரு நாள் சர்க்கரை டப்பாவை நோக்கி எறும்புகள் சாரைசாரையாகப் போய்க்கொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் அசராமல் வர்ணித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், “மூடியை மூட எத்தனை வார்த்தை வேணும்?” என்று ஒரே கேள்வி கேட்டாள். இதெல்லாம் சின்ன உரசல்கள்தான், எந்த வீட்டில் இல்லை?

விவகாரம் முற்றியது ‘அது’ என்ற ஒரு வார்த்தையில். அவள் பள்ளிக்குப் புறப்பட்டாள். வழக்கம் போல நான் ஜன்னலோரம் நின்று, ‘இதோ... பெண் இரை தேடப் புறப்பட்டுவிட்டது. அது திரும்பி வர மாலையாகும்’ என்றேன். தெருமுனை வரை போனவள் திரும்பி வந்தாள். “நான் என்ன, அஃறிணையா?” பொண்டாட்டியை ‘அது’ என்று சொல்லாத புருஷன் எங்கே இருக்கிறான், மாப்பிள்ளை? ‘அது தூங்குது, அது சாப்பிட்டுச்சு’ என்று பாசத்தில் எல்லோரும்தான் சொல்கிறோம். அதையே சொன்னேன். “பாசத்துல சொல்றது வேற. படம் ஓட்டிச் சொல்றது வேற” என்றாள். விடுவேனா? அவளுடைய எட்டாம் வகுப்புப் புத்தகத்தையே எடுத்து, மகிழ்ச்சியில் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று சொன்னால் தப்பில்லை, அதற்கு வழுவமைதி என்று பெயர் என்று அடிக்கோடு போட்டுக் காட்டினேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: “பசுவை அம்மான்னு சொல்லலாம். அம்மாவைப் பசுன்னு சொல்ல எந்தப் புத்தகத்துலயும் இடமில்லை.” முப்பத்தொரு வருஷம் வண்டி வருகிறது, நிற்கிறது, போகிறது என்று அஃறிணையிலேயே பேசிப் பிழைத்தவனுக்கு நாக்கு அந்தப் பக்கம்தான் சாயும் என்று யோசிக்க வேண்டாமா?

இப்போது அந்த விழாவுக்கு வருகிறேன். அவளுடைய பணி நிறைவு விழா. அரங்கத்தில் அறுநூறு பிள்ளைகள். தலைமை ஆசிரியை, “டீச்சரோட கணவர் ரெண்டு வார்த்தை பேசுவார்” என்று சொல்லி என் கையில் மைக்கைக் கொடுத்தார். மைக்! இரண்டு வருஷம் கழித்து! என்ன பேசுவது என்று ஒழுங்காகக் காகிதத்தில் எழுதித்தான் கொண்டுபோயிருந்தேன். நீங்கள் செய்து கொடுத்த கண்ணாடியை மறந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்ததால் எழுத்து தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, தொண்டை இருக்கிறதே. முந்தின நாள்தான் யானைகளைப் பற்றிய படம் பார்த்திருந்தேன். யானைக் கூட்டத்துக்குத் தலைமை ஆண் இல்லை, மாப்பிள்ளை, வயதில் மூத்த பெண். அந்த ஞாபகத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். ‘இதோ... கூட்டத்தின் மூத்த பெண்.’ அரங்கமே கப்சிப். ‘முப்பத்து மூன்று ஆண்டுகளாக இந்த நிலப்பரப்பு இதன் காலடியில். ஆறு வறண்ட கோடையிலும், தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது இதற்கு மட்டுமே நினைவிருக்கிறது. இது நடந்தால் கூட்டம் நடக்கிறது. இது நின்றால் கூட்டம் நிற்கிறது. தூரத்தில் இதன் காலடி அதிர்ந்ததுமே குட்டிகள்...’ அங்கே விட்டேன் ஒரு இடைவெளி! சேனல்காரர் கேட்டிருந்தால் வேலையை விட்டிருப்பார். ‘...குட்டிகள் வாலைச் சுருட்டிக்கொள்கின்றன.’

யானை என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை, கவனிக்கவும். கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளைதான் பிளிறிக் காட்டியது. அறுநூறு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்து, “டீச்சர்! சார் பேசினது திணை வழு!” என்று கத்திற்று. அவ்வளவுதான், கூரை பறந்தது. தலைமை ஆசிரியைகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். உங்கள் அக்கா எழுந்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்து, “சரியான விடை. உட்கார்” என்றாள். என்னைப் பார்க்கவில்லை. அடுத்தது அவளுடைய ஏற்புரை. மூன்று வாரமாக எழுதித் திருத்தி, திருத்தி எழுதி, ஐந்து பக்கம் வைத்திருந்தாள். அது கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. “நன்றி” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கிப் போனவள் நேரே உங்கள் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஒரு புருஷன் தன் பெண்டாட்டியை அறுநூறு பேர் முன்னால் இதைவிட உயர்வாகப் பேசியிருக்க முடியுமா? சொல்லுங்கள்.

ஆகவே அந்த ஒரு வார்த்தை எது என்று ஆராய்ந்தேன். ‘திணை வழு’ என்று இதோ ஒப்புக்கொண்டாயிற்று. ஒரு வார்த்தை கேட்டாள், இரண்டாகவே கொடுத்துவிட்டேன். நீங்கள் ஒருவேளை மன்னிப்பு என்று நினைக்கலாம். அதற்கு வாய்ப்பே இல்லை. மன்னிப்பெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு நாளைக்கு நாற்பது தடவை ‘தாமதத்துக்கு வருந்துகிறோம்’ என்று சொன்ன வாய் இது. விழா நடந்த அன்று சாயங்காலமே ஃபோன் போட்டு, கணீரென்று, ‘விழாவில் ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்றேன். “வருந்துகிறோமா? எத்தனை பேரு?” என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள். அறிவிப்பில் அப்படித்தான் சொல்வது வழக்கம், இதில் ஆளை எண்ணிக்கொண்டா இருப்பார்கள்?

எனக்காக யாரும் அவசரப்பட வேண்டாம். வளர்ந்த ஆண் யானை கூட்டத்தை விட்டுத் தனியாகத்தான் திரியும். அதுதான் அதற்கு இயற்கை. நானும் அப்படியே, கம்பீரமாக இருக்கிறேன். சமையல் கைவசமாகிவிட்டது. தினம் மூன்று படம் பார்க்கிறேன், குரல் முன்னைவிடக் கணீர் என்றிருப்பதாகத் தையல்காரர் சொல்கிறார். உங்கள் அக்கா தானாக மனம் மாறி வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே தெரிவித்தால் பஸ் நிலையத்துக்கு வந்து நிற்பேன், அவ்வளவே.

தங்கள் கடைக்கு வருகிற கண்ணெல்லாம் தெளிவு பெறட்டும். தங்கள் இல்லத்தரசிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், வாழ்வில் அவர்கள் ஏறவேண்டிய எந்த வண்டியும் அவர்களை விட்டுவிட்டுப் போகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு அத்தான்

பி.கு.: மாப்பிள்ளை, மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு இதை மட்டும் அக்காவிடம் கொடுங்கள். டிவியைப் போட்டுப் பதினோரு நாளாகிறது. தையல்காரர் நேற்று மேலே வந்து, “சார், உடம்புக்கு ஏதும் முடியலையா? சத்தமே இல்லையே” என்று கேட்டுவிட்டுப் போனார். இங்கே ஒரு கிழட்டு ஆண் விலங்கு இருக்கிறது. அது மூன்று வேளையும் ரொட்டி தின்கிறது. உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போகிறது, பிறகு வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் அக்கா அவர்கள் வந்தால்தான் அதற்குத் தண்ணீர் கிடைக்கும். அந்த ஐந்து பக்க ஏற்புரையைக் கையோடு எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவர்கள் வாசித்து முடிக்கிற வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். எத்தனை பேர் என்று கேட்டார்களே, வீடு முழுக்கத் தேடி எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒரே ஒருத்தன்தான் இருக்கிறான். வருந்துகிறேன்.