என் காலுக்காக நடந்த சண்டை

என் பூனைக்கண்ணரே,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். அங்கே நலமா என்று போய்ச் சேர்ந்தவரைக் கேட்பது அசட்டுத்தனம்தான், ஆனால் கடிதம் என்றால் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன்.

உங்கள் கைப்பேசி சார்ஜ் ஏறிய இடத்தில் இப்போது என் கால் சார்ஜ் ஏறுகிறது. சர்க்கரையில் போன காலுக்குப் பதிலாக. பல்கலைக்கழகத்தில் புதுவகைச் செயற்கைக் காலை ஆள் வைத்துச் சோதிக்கிறார்கள், என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். முழங்காலுக்குக் கீழே மாட்டினால், மேட்டைக் கண்டதும் பாதம் தானாகத் தூக்கிக்கொள்ளும். உங்களுக்குக்கூட அவ்வளவு சமர்த்து கிடையாது. ஊன்றுகோலை மூலையில் போட்டுவிட்டு, சலவைக் கடையில் பழையபடி இஸ்திரி மேஜை முன்னால் நிற்கிறேன். "வா வா, சட்டையெல்லாம் உன்னைக் கேட்டு அழுதுச்சு" என்றார் முதலாளி.

அதே கட்டடத்தின் கீழ்மாடியில் நல்ல சாப்பாட்டைப் பற்றி இன்னொரு ஆய்வு. சர்க்கரைக்காரர்கள் வரலாம் என்றார்கள், அங்கேயும் போய்ச் சேர்ந்தேன். வேறு ஆய்வில் இருக்கிறாயா என்று மேலே கால்காரர்களும் கேட்கவில்லை, கீழே சாப்பாட்டுக்காரர்களும் கேட்கவில்லை, கேட்காததை நாம் சொல்வானேன் என்று நானும் இருந்துவிட்டேன். அவித்த பயறும் கீரையுமாகத் தின்று உடம்பு இளைத்தது, சர்க்கரை இறங்கியது. சாப்பாட்டு டாக்டரம்மா மற்றவர்களுக்கு என்னை உதாரணம் காட்ட, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. எட்டு வைத்தால் பர்ர், நின்றால் புஸ். கடை வரிசையில் என் பின்னால் நின்றவர் நாசூக்காக அடுத்த வரிசைக்குப் போனார். பக்கத்து வீட்டு அக்கா, "பயறு வேலையைக் காட்டுதுடி" என்றாள். வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் பயறை நிறுத்திச் சுரைக்காயைக் கொடுத்தார். நான் இன்னும் இளைத்தேன், சத்தம் இன்னும் கொழுத்தது.

கடைசியில் மேல்மாடியில் கால் பொருத்துகிறவர் என்னை நடக்கவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். "அம்மா, சத்தம் வயித்துல இல்ல, கால்ல. உங்க மிச்சக் கால் இளைச்சுப் போச்சு, அதுல மாட்டுற கிண்ணம் லூசாயிடுச்சு, உள்ள காத்து போய்ட்டுப் போய்ட்டு வருது" என்றார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு திரும்புவதற்குள், எடை மாறுகிறவர்கள் இந்த ஆய்வில் இருக்க முடியாது, காலைத் திருப்பித் தரவேண்டி வரும் என்றார். கால் போனால் கடை போச்சு. நீங்கள் இல்லாத வீட்டில் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார என்னால் ஆகாது.

விஷயம் தெரிந்து டாக்டரம்மா மாடியேறி வந்துவிட்டார். நடைவழியிலேயே வாய்ச்சண்டை. இளைத்த அம்மாளை மறுபடி குண்டாக்கச் சொல்கிறீர்களா என்று அவர் கேட்க, நன்றாக நடந்த அம்மாளைக் கரைத்துவிட்டீர்களே என்று கால்காரர் கேட்க, எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெண் கேட்டு உங்களைத் தவிர எவரும் வராத எனக்காகப் படித்தவர்கள் இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள்.

பெரிய பேராசிரியர் வந்து எனக்கு எது வேண்டும் என்று கேட்டார்.

"ரெண்டும் வேணும் சார். உடம்பும் இளைக்கணும், வேலைக்கும் நடக்கணும்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். இப்போது இளைக்க இளைக்க இறுக்கிக்கொள்ளத் திருகு வைத்த கிண்ணம் செய்து மாட்டியிருக்கிறார்கள். இரண்டு மாடிக்கும் பொதுவாக ஒரு புது ஆய்வு, அதில் முதல் ஆள் நான். மாணவர்கள் முன்னால் நடந்து காட்டினேன். கைதட்டலைத் தவிர ஒரு சத்தமும் கேட்கவில்லை. குற்றம் பயறு மேலும் இல்லை, என் மேலும் இல்லை, கிண்ணத்தின் மேல்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

போன இடத்தில் வேளைக்குச் சாப்பிடுங்கள். என்னை நினைத்துக் கவலை வேண்டாம், அதற்கு இரண்டு மாடியிலும் ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் வீட்டுக்காரி

பி.கு.: கடிதத்தை மடிக்கும் முன்பு காலைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். கால் அங்கே கிடக்கிறது, சத்தம் இங்கே கேட்கிறது. பயறும் இல்லை, கிண்ணமும் இல்லை. இத்தனை வருஷமும் பக்கத்தில் படுத்திருந்து, கேட்டும் கேட்காத மாதிரியா இருந்தீர்கள்?