மாப்பிள்ளைக்குப் போட்ட பிரேக்

மயூர் விஹார், தில்லி
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சுந்தரேஷ் அவர்களுக்கு,

பூவராகவன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி வள்ளியம்மையும் உடம்பளவில் நலம். தங்கள் கழுத்தின் நலத்தையும், அதில் மாட்டியிருக்கும் பட்டையை டாக்டர் எப்போது கழற்றுவதாகச் சொல்கிறார் என்பதையும் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறோம். 'அன்புள்ள சம்பந்தி' என்றுதான் முதலில் ஆரம்பித்தேன். அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எடுத்தேன். போனை நீங்கள் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிள்ளையார் படத்துக்கும் பதில் இல்லை. உங்கள் மேல் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

நிச்சயதார்த்தம் நின்றுபோனதற்கு முழுப் பொறுப்பு என்னுடையது. உங்கள் பிள்ளை ஜெயந்த் தம்பியைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது. படிப்பு, உத்தியோகம், பெரியவர்களிடம் பணிவு, எல்லாம் தங்கம். ஒரே பயம் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான். இரண்டே இரண்டு சீட்டு, தரையோடு தரையாக ஒரு உடம்பு. சாயங்காலம் என் பெண் கவிதாவை வீட்டில் விடுவதற்காக அது எங்கள் சொசைட்டி கேட்டுக்குள் நுழையும் வேகத்தை எட்டாவது மாடி பால்கனியிலிருந்து பார்த்து நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வேன். காவலாளி நாற்காலியோடு எழுந்து ஒதுங்கிக்கொள்வான். வேகத்துக்காக அபராதச் சலான் வேறு வந்திருக்கிறது என்று கவிதா சிரித்துக்கொண்டே சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை சார். மெதுவாக ஓட்டுங்கள் என்று தம்பியிடம் நேரே சொல்லவும் வாய் வரவில்லை, கல்யாணமே ஆகவில்லை அதற்குள் மாமனார் அதிகாரம் பண்ணுகிறான் என்று ஆகிவிடுமே. போகிற வேகத்தைத்தானே குறைக்கச் சொல்ல முடியாது, நிற்கிற சக்தியைக் கூட்டிக் கொடுக்கலாமே என்று என் புத்திக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்றைக்கு எனக்கு ஜுரம் வந்து படுத்திருக்கக் கூடாதா?

நிச்சயத்தன்று மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது வழக்கம். மோதிரம் உயிரைக் காப்பாற்றுமா, பிரேக் காப்பாற்றும், ஆகவே மோதிரத்துக்குப் பதில் பெரிய பிரேக் போட்டுவிடுகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். வள்ளியம்மை, "ஏங்க, ஊர் உலகத்துல யாராவது மாப்பிள்ளைக்கு பிரேக் போடுவாங்களா? கேக்கறவங்க வாயால சிரிக்க மாட்டாங்க" என்றாள். நான் கேட்கவில்லை. ஜெயந்த் தம்பியோ, "ஓகே அங்கிள், தேங்க் யூ அங்கிள்" என்று உடனே சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். அப்போது அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி தெரிந்தது. பெரியவர் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்று நினைத்து நான் பூரித்துப் போனேன்.

உங்கள் கரோல் பாக்கிலேயே ஒரு சந்தில் குல்தீப் என்று ஒரு மெக்கானிக். அவனிடம் எதைக் கேட்டாலும் "ஹோ ஜாயேகா அங்கிள்ஜி", எல்லாம் ஆகிவிடும் என்பான், இந்த ஒரு வாக்கியத்தை நம்பியதில்தான் என் குடி முழுகியது. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை ஏழு பேர் போகும் ஒரு பெரிய ஜீப்பிலிருந்து எடுத்தான், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை எங்கோ அடிபட்டுக் கிடந்த வெளிநாட்டுக் காரிலிருந்து எடுத்தான், இரண்டுக்கும் பொருத்தம் சரியாக இருக்குமா என்று கேட்டால் ஹோ ஜாயேகா. டிஸ்க் நம் வீட்டுத் தாம்பாளம் அளவுக்கு இருந்தது. வள்ளியம்மையும் கடைசியில் மனசு கேட்காமல் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட, அது கவ்வும் இடமாச்சே, குல்தீப் தலையில் அடித்துக்கொண்டு அதைத் தேய்த்துக் கழுவினான். பூட்டிய பிறகு பார்த்தால் பழைய சக்கரம் அதன் மேல் ஏறவில்லை. சரி, பெரிய சக்கரம் வாங்கு. பெரிய சக்கரம் வந்ததும் திருப்பும்போது மட்கார்டில் உரசியது. சரி, மட்கார்டை வெட்டு. இதெல்லாம் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின்னால் பழைய சின்ன பிரேக்கே இருக்கட்டும், முன்னால் நின்றால் பின்னால் நிற்காமல் எங்கே போய்விடும் என்று தீர்ப்புச் சொன்ன மேதாவி நானேதான். கடைசியில் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கவிதா பார்த்துவிட்டு, "என்னப்பா இது, வண்டிக்கு ஹை ஹீல்ஸ் மாட்டிவிட்டிருக்க?" என்றாள். அவள் என்னிடம் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கழுத்துக்கே தெரியும். நிச்சயத்தன்று உங்கள் வீட்டுப் பெண்கள் டாக்ஸியில் முன்னால் வந்துவிட, நீங்கள் மடியில் பழத்தட்டோடு ஜெயந்த் பக்கத்தில் வந்தீர்கள். எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. தம்பி காலை வைத்தாரோ இல்லையோ, வண்டி மூக்கைத் தரையில் குத்தி அப்படியே நின்றுவிட்டது. பெல்ட் உங்களைப் பிடித்துக்கொண்டது, தட்டை யார் பிடிப்பார்கள்? அன்னாசிப்பழம் கண்ணாடியில் மோதி வெடித்தது. நம் வண்டி நிற்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டேனே, பின்னால் வருகிறவனும் நிற்க வேண்டுமே என்று யோசித்தேனா? ஈ-ரிக்ஷா வந்து டமால். அவன் இறங்கி, "பாயி சாஹப், பிரேக் மாரா யா தீவார் கடி கர் தீ?" என்று கத்தினான். பிரேக் போட்டாயா, சுவர் எழுப்பினாயா என்கிறான், அதில் என்ன தப்பு? நீங்கள் அன்னாசிச் சாறு வழிய, கழுத்தை ஒரு பக்கமாகப் பிடித்தபடி எங்கள் வீட்டுக்கு ஏறி வந்து, "சகுனம் சரியில்ல, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மெட்ரோவில் திரும்பிப் போனீர்கள். அன்றைக்கு வேகம் முப்பதுகூட இல்லை என்று தம்பி சொன்னாராம். பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும், விடுங்கள்.

அன்றிலிருந்து வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருக்கிறது. நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது கவிதா, "டிபன் ரெடின்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா" என்கிறாள். ஐயா, நான் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. அந்த இடது பக்கத்துச் சீட்டில் காலமெல்லாம் என் பெண் உட்காரப் போகிறாளே என்கிற பயம் ஒன்றுதான். அந்தப் பயத்தாலேயே அவள் கல்யாணத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கே அந்த ராட்சச பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையதைப் பூட்டச் சொல்கிறேன். முறைப்படி மோதிரமே போடுகிறேன். அந்தக் காரின் பக்கம் இனி தலைவைத்துப் படுக்கமாட்டேன். என் அசட்டுத்தனத்துக்காக ஒன்றும் அறியாத அந்தக் குழந்தைகளைப் பிரித்துவிடாதீர்கள்.

தங்கள் துணைவியார் காமாக்ஷி அம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். ஜெயந்த் தம்பிக்கு எங்கள் ஆசி, அவர் மெதுவாக ஓட்டட்டும். தங்கள் கழுத்து சீக்கிரம் எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும் என்று மலை மந்திர் முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
பூவராகவன்

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் கவிதா வந்து கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "அப்பா" என்று கூப்பிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பா, ஜெயந்த் வேகமா ஓட்டி நீ எப்பப்பா பாத்த? அவன் பாவம், நாப்பதுக்கு மேல போனாலே ராம் ராம்னு ஆரம்பிச்சுடுவான். நாங்க சேர்ந்து போனா அந்த வண்டியை எப்பவும் நான்தான் ஓட்டறேன். சலான்கூட என்னாலதான் வந்துது" என்றாள். ஆகவே மேலே நான் பிரேக்கைக் கழற்றுவதாக எழுதியதை இல்லை என்று வைத்துக்கொள்ளவும். இருக்கட்டும் சார், இருக்கட்டும். பின் சக்கரத்துக்கும் பெரிய பிரேக் போட நாளைக் காலை இந்தக் கடிதத்தோடு நானே கரோல் பாக் வருகிறேன். இந்தத் தடவை தயவுசெய்து நீங்களும் குல்தீப் கடைக்கு வாருங்கள். எவ்வளவு பெரியது வேண்டும் என்று, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போகிறவனைப் பெற்றவர்தானே சொல்ல வேண்டும்?