ஒரு கூடை எரு கொண்டுவந்தால் ஆடலாம்

கரிசல் காட்டில் மழைக்கு அடுத்தபடியாக அதிகம் திட்டு வாங்கியவர் பாக்ஸ் அண்ணாச்சிதான். மழை வராததற்குத் திட்டு வாங்கும். அண்ணாச்சி வந்ததற்கு வாங்குவார்.

கோவில்பட்டியில் கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் வாடகைக்கு விடுபவர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்கோ திறந்தவெளியில் பெருங்கூட்டம் ஆடும் இசைத் திருவிழாவைச் செல்போனில் பார்த்துவிட்டார். நம்மிடம் இல்லாத வெளியா என்று, பருத்தி எடுத்து முடித்து மாரும் பிடுங்கிய ஒரு காட்டில் பாக்ஸ்களை அடுக்கி டிஜே வைத்தார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்களும் மில் பையன்களும் சாயங்காலம் முழுக்க ஆடித் தீர்த்தார்கள். மறுநாள் காட்டுக்காரர் உழப் போனால் கலப்பை இறங்கவில்லை. மண் தார்ரோடு மாதிரி இறுகிக் கிடந்தது.

அடுத்த வருஷம் அந்த ஊரில் அவருக்கு நிலமில்லை. பக்கத்து ஊருக்குப் போனார். அதற்கடுத்த வருஷம் அதற்கும் பக்கத்து ஊர். நோட்டீஸில் மட்டும் 'ஊர் ஊராக வரும் ஆட்டத் திருவிழா' என்று பெருமையாக அச்சடித்தார்.

நாகலாபுரம் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தபோது வேறு ஊர் மிச்சமில்லை. இங்கும் இடம் கிடைக்காவிட்டால் பாக்ஸ்களை மச்சினனிடம் கொடுத்துவிடுவதாக வீட்டில் சத்தியம் செய்திருந்தார். மச்சினன் இழவு வீடுகளுக்கு மட்டுமே பாட்டுப் போடுபவர்.

நாங்கள் ஆடு வளர்ப்பவர்கள். கொஞ்சம் காடும் உண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவள் நான். நான் சொன்னால் அப்பா கேட்பார் என்று அண்ணாச்சி என்னைப் பிடித்தார். எனக்கும் ஆட ஆசை, சிபாரிசு செய்தேன். அப்பா முடியாது என்றார், என் பட்டத்தின் செல்வாக்கு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"ஒங்க ஆடுக ஊரான் காட்டுல ராத்திரி பூரா கிடை கிடந்து மிதிக்குது. அதை மட்டும் கூப்பிட்டுல்லா கிடை போடச் சொல்லுதாங்க. மனுசன் மிதிச்சாக் குத்தமா?" என்றார் அண்ணாச்சி.

"ஆடு புழுக்கை போடும் அண்ணாச்சி. ஒம்ம ஆளுக என்ன போடும்?" என்றார் அப்பா.

அண்ணாச்சி கிளம்பிப் போனார். மறுநாளே திரும்பி வந்தார். டிக்கெட் கிடையாது, ஆளுக்கு ஒரு கூடை எரு, கொண்டுவந்தால்தான் ஆட்டம் என்றார். அப்பா சிரிக்காமல் சரி என்றார்.

திருவிழா அன்று பாட்டு ஆரம்பித்தும் காடு காலியாகவே இருந்தது. அண்ணாச்சி பாக்ஸ்மேல் உட்கார்ந்து ரோட்டையே பார்த்தார். எருக் கூடைகளைக் கண்டக்டர் பஸ்ஸில் ஏற்றவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருவழியாக லோடு ஆட்டோக்கள் வந்தன. கூலிங்கிளாஸும் வெள்ளை ஷூவும் போட்ட பையன்கள் தலையில் கூடையோடு இறங்கினார்கள். ஒருவன் பசுவையே ஓட்டிவந்து, "போடும், செத்த பொறுங்க" என்றான். உள்ளே விட்டோம். எல்லோரும் எருவைக் கொட்டி, அதன்மேலேயே ஆடினோம். நான் ஆடிய ஆட்டத்தை அப்பா பார்க்காத மாதிரி பார்த்தார்.

விடிந்ததும் அப்பா காட்டைச் சுற்றி நடந்தார். அண்ணாச்சியும் நானும் பாக்ஸ்களுக்குப் பக்கத்தில் நின்றோம். அப்பா குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார்.

"இறுகித்தான் கெடக்கு. டிராக்டர் விட்டு உழுதுக்கிடலாம். எரு நல்லா நொறுங்கியிருக்கு. அடுத்த வருசம் நம்ம மேலக்காட்டுல போடும் அண்ணாச்சி."

எந்த ஊரும் இரண்டாம் முறை கூப்பிடாத மனிதர் என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒங்கப்பா நெசமாத்தான் சொல்லுதாவளா?"

தலையாட்டினேன். எருத்தூசி கண்ணைக் கரிக்குது என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்கும் தூசிதான் விழுந்திருக்க வேண்டும்.