பாவு முடியும் வரை

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் சர்க்கார் போட்ட உத்தரவுகள் அத்தனைக்கும் கீழ்ப்படிந்த ஒரே பிரஜை கெஜட்டுதான். உத்தரவு போட்டவர்களே அவ்வளவு கீழ்ப்படிந்ததில்லை.

யுத்த காலம். அரிசிக்குக் கண்ட்ரோல், சீனிக்குக் கண்ட்ரோல், மண்ணெண்ணெய்க்குக் கண்ட்ரோல், நூலுக்கும் கண்ட்ரோல். எங்கள் வறண்ட சீமையில் அந்த வருஷங்களில் தவறாமல் பெய்தது உத்தரவு ஒன்றுதான். நான் வேலை பார்த்த நூல் கடைக்கு வாராவாரம் சர்க்கார் உத்தரவுகளை அச்சடித்த கெஜட்டு வரும். தபால்காரர் தலை தெரியுமுன்னே கெஜட்டு என்றே பட்டப்பெயர் வாங்கிவிட்ட, மனு எழுதிப் பிழைக்கும் அந்த மனிதரும் அதைப் படிக்க வந்துவிடுவார். சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. கூப்பிட ஆளில்லாமல் அது காலாவதியாகிவிட்டது.

ஒருமுறை காரியாபட்டியிலிருந்து அவருடைய அக்காள் புருஷன் விருந்துக்கு வந்தார். வாசலிலேயே கெஜட்டு கேட்டார்: "மச்சான், வாங்க. ரேசன் கார்டு கொண்டாந்தீகளா?" மச்சான் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனார். அக்காள் ஒரு வருஷம் பேசவில்லை.

திருச்சுழியில் யாரோ கொடுத்த இரண்டு படி கம்பை மூட்டை கட்டிக்கொண்டு வந்த கெஜட்டுக்கு ஒருநாள் பாதி வழியில் ஞானோதயம். அனுமதிச் சீட்டு இல்லாமல் தானியம் கடத்துவது குற்றம்! நேரே சர்க்கார் ஆபீசில் போய் நின்றார்.

"என்னையப் பிடிங்க."

"எதுக்குய்யா?"

"கம்பு கடத்திட்டேன்."

அங்கிருந்த குமாஸ்தா மூட்டையையும் ஆளையும் பார்த்துவிட்டு, "போய்க் கூழு காச்சிக் குடிய்யா" என்று விரட்டிவிட்டார். தன்னைக் கைது செய்யாத குமாஸ்தாமேல் நடவடிக்கை கோரிக் கெஜட்டு மறுநாளே மனுப் போட்டார்.

இப்படிப்பட்டவர் இருந்த சமயத்தில்தான் ராமக்காள் கடைக்கு வந்தாள். நெசவுக்காரி. புருஷன் செத்துப் பதினாறு நாள்கூட ஆகவில்லை. நூல் கார்டு அவன் பெயரில் இருந்தது. சோதனைக்கு வந்திருந்த நூல் அதிகாரி கார்டை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஆள் போனா கார்டும் போச்சும்மா. புதுசுக்கு எழுதிப் போடு. ஆறு மாசத்துல வரும்."

"தறியில பாவு கெடக்குதுங்க சாமி. ஊடைக்கு நூலு இல்லாமப் புள்ளைகளுக்கு என்னத்தப் போட்டு வளப்பேன்?"

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூல்; குறுக்கே ஓடும் ஊடை நூல் இல்லாவிட்டால் அது துணியாகாது. அதை அதிகாரியிடம் எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியந்தான் இல்லை. முதலாளி சுவரைப் பார்த்தார். பக்கத்தில் கெஜட்டு, கெஜட்டுப் படித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"நாலாம் பிரிவு, மூணாம் உட்பிரிவு. கார்டுதாரர் மரணமடைந்தால், தறியில் ஏற்றிய பாவு முடியும் வரை அன்னாரின் மனைவிக்கு நூல் வழங்க வேண்டியது. அய்யா பாத்திருப்பீகளே?"

அதிகாரி பார்த்திருக்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்ல அதிகாரிகளுக்கு வாய் வருமா? "பார்த்தேன், பார்த்தேன்" என்று கார்டை எடுத்து, 'பாவு முடியும் வரை செல்லும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

நெசவு தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். ஒரு பாவு தீரும்போது கடைசி முழத்தை அறுத்து எறிய மாட்டார்கள். அந்த இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துத் தறியை ஓட்டுவார்கள். ஆக, பாவு முடிவதே இல்லை. அதிகாரிக்கு அது தெரியாது. நெசவாளர் தெருவிலேயே பிறந்த கெஜட்டுக்கு நன்றாகத் தெரியும்.

அதிகாரி போனதும் நான் கேட்டேன்: "அண்ணாச்சி, அது எந்தப் பக்கத்துல இருக்கு?"

அவர் முகம் வேர்த்திருந்தது. "அடுத்த வாரம் வரும் தம்பி."

வரவில்லை. இல்லாத விதியைச் சொல்லிவிட்டோமே என்று மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. போய் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவரோ வேறு வழி கண்டுபிடித்தார். அப்படி ஒரு விதியைச் சர்க்கார் உடனே போடவேண்டும் என்று வாரம் ஒரு மனு அனுப்பத் தொடங்கினார். தபால்தலை சொந்தச் செலவு. வாராவாரம் கெஜட்டைப் பிரித்து நாலாம் பிரிவைத் தேடுவார். ராமக்காள் தறியோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

சுதந்திரம் வந்தது. பிறகு ஒருநாள் கண்ட்ரோலையே எடுத்துவிட்டார்கள். முதலாளி தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். ராமக்காள் கார்டைக் கிழித்து அடுப்பில் போட்டாள். கெஜட்டு மட்டும் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார், இழவு விழுந்த வீட்டுக்காரர் மாதிரி.

"எடுத்துட்டாகளே தம்பி. இனிமே அந்த விதிய யாரு போடுவா? நான் சொன்னது பொய்யாவே போச்சே!"

அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். மிட்டாயை அவர் கையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் பேப்பரில் புது உத்தரவு என்று எதைப் பார்த்தாலும், அந்த விதி வந்திருக்கிறதா என்று ஒரு தடவை தேடிவிட்டுத்தான் மடித்து வைக்கிறேன்.