பெரியதாழையில் வண்டி மட்டமாகத்தான் நின்றது

கோணலாக இருக்கும் எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கல்யாண வீட்டில் பந்திப் பாய் கோணியிருந்தால் எழுந்துபோய் இழுத்துவிடுவேன் (ஒருமுறை ஆள் உட்கார்ந்திருக்கும்போதே). என் மனைவி இதை வியாதி என்கிறாள். நான் ஒழுங்கு என்கிறேன்.

எழுபதுகளில் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார். அக்காவின் வளையல்கள்தான் அந்த வண்டி. தூத்துக்குடியிலிருந்து பெரியதாழை மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் கொண்டுபோக வேண்டும். முதல் நடை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் சீசன் முழுக்க அவருக்கே நடை என்று பேச்சு.

நான் அப்போது பௌதிகம் படித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வண்டியைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, முன்பக்கம் தரையை மோந்தபடி நின்றது.

“எல்லா பிக்கப்பும் இப்படித்தாம் மாப்ளே நிக்கும்” என்றார் அத்தான்.

“எல்லாரும் தப்புப் பண்ணுனா நாமளும் பண்ணணுமா?”

படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார். (அது அவர் தப்பு.)

பட்டறையில் முன் ஸ்பிரிங்குகளில் பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போடவைத்தேன். முன்பக்கம் உயர்ந்தது, ஆனால் இடது மூலை அரை அங்குலம் கூடுதல். பிரிக்கச் சொன்னேன். மாட்டியதும் வலது மூலை கால் அங்குலம் கூடுதல். மறுபடி பிரித்தார்கள். என்னை அந்தப் பட்டறைக்குள் விடுவது அதுவே கடைசி என்றும் சொன்னார்கள். கடைசியில் டேப் வைத்துப் பார்த்தால் நான்கு மூலையும் முப்பத்திரண்டு அங்குலம். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது.

மறுநாள் பதினான்கு ஐஸ் பார்களை ஏற்றி, உமி போட்டு, சாக்கு மூடினோம். பின்கதவின் கொண்டி போயிருந்ததால் கயிற்றால் கட்டினார் அத்தான். நான் ரசமட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினேன்.

புறப்பட்டதுமே குமிழி முன்னால் ஓடிவிட்டது. ரோடு ஏற்றமாக இருக்கிறது என்றேன். கடலோரத்தில் ஏது ஏற்றம் என்று அத்தான் கேட்டார். வழியெல்லாம் ஜனங்கள் எங்களைப் பார்த்துக் கத்தினார்கள், கையாட்டினார்கள். வண்டியின் நிமிர்ந்த தோற்றத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நானும் கையாட்டினேன். பதினான்கு பேர், எண்ணினேன். அதற்குள் குமிழி கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்துவிட்டது. பெரியதாழைக்குள் நுழையும்போது அசையாமல் நின்றது.

“பாத்தியளா அத்தான், மட்டம் வந்துட்டு” என்றேன்.

கரையில் வள்ளங்கள் ஐஸுக்காகக் காத்துக் கிடந்தன. நடை பேசியிருந்த பெரியவர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். பின்கதவு திறந்து கிடந்தது, கயிறு அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஈர உமி.

“எய்யா, ஐஸு எங்க?” என்றார், நிதானமாக.

திரும்பி வரும்போது வழியெல்லாம் சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். நல்ல குளிர்ச்சி. அத்தான் குடிக்கவில்லை.

நடை வேறு ஆளுக்குப் போயிற்று. அத்தான் பட்டைகளைக் கழற்றி எறிந்தார். வண்டி பழையபடி தரையை மோந்துகொண்டு நின்று, உப்பு சுமந்து, சில வருஷத்தில் அக்காவுக்கு வளையல் வாங்கிக் கொடுத்தது.

இன்றும் எங்கள் வீட்டில் அரிசிப் பானை காலியானால் “மட்டம் வந்துட்டு” என்றுதான் சொல்கிறார்கள். மருமகள்கள்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சொல்லட்டும். மட்டமாக்கச் சம்மதித்தார்கள், மட்டமாக்கினேன். சுமை ஏற்றினால் பின்பக்கம் அமுங்கும், அதை மனதில் வைத்து அளக்கும்படி ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. காலி வண்டியை நான்கு மூலையும் சமமாக நிறுத்த வேண்டுமானால், இந்தக் கடற்கரையில் இன்றைக்கும் என்னைவிட்டால் ஆள் கிடையாது.