உலகத்தை அளிக்க வந்த வில்லன்

அன்பு மகன் தினேஷுக்கு, நாகலூரிலிருந்து அப்பா காளியண்ணன் எழுதுவது. நான் சுகம். உன் அம்மா திருப்பூரில் மேகலா வீட்டில் பேரனோடு சுகம். மூடுபனி விலகாமலே இருப்பதால் காப்பிச் செடிகளின் சுகத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சென்னையில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கச் சேர்வராயன் துணை செய்யட்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் 'சாப்பிட்டாயா' என்று நான் கேட்டு, 'சாப்பிட்டேன், நீங்க?' என்று நீ கேட்டு முடிப்பதற்குள் உன் மேனேஜர் இன்னொரு போனில் வந்துவிடுகிறார். கடிதத்தில் அவர் குறுக்கே வர முடியாது. ஆகவே நீ அனுப்பிய உன் கம்பெனி வீடியோ கேம் தொடர்பாக இங்கு நடந்த விபரீதங்களை முதலிலிருந்து எழுதுகிறேன். கோபப்படாமல் படி.

பெட்டி வந்ததும் ஏற்காட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆரிப் பாய் நேரில் வந்து டிவியில் மாட்டிக் கொடுத்தார். ஆட்டத்தை முடித்தால் கடைசியில் உன் பேர் வரும் என்று சொல்லியிருந்தாய் அல்லவா, அந்தப் பேரைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். கையில் வாளோடு நிற்கிற கதாநாயகன் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் நேராக நடந்து பள்ளத்தில் விழுந்தான். அங்கே ஒரு மரப்பாலம் இருக்கிறதே, அதைத் தாண்டுவேனா என்று அடம் பிடித்தான். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து தினமும் ஆள்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவன் நான், என் பேச்சைத் தட்டியவர் இந்த மலையில் யாரும் கிடையாது, இவன் ஒருத்தன் கேட்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கிங்ஸ்டனைக் கூப்பிட்டேன். டிராக்டர் ஓட்டி ரிட்டயரானவர். அவர் அந்தப் பொத்தான் கருவியை ஸ்டியரிங் மாதிரிப் பிடித்துக்கொண்டு, வளைவு வரும்போதெல்லாம் உடம்பையும் சேர்த்துச் சாய்த்து, வாயாலேயே ஹாரன் அடித்து, ஒருவழியாகப் பாலத்தைத் தாண்ட வைத்தார்.

அப்படியே போய்ப்போய் மேகத்துக்கு மேலே இருக்கிற அரண்மனையை அடைந்தோம். ஊழிநாதன் என்கிற வில்லன் தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தான். களிமண்ணைப் பிசைந்து மனிதர்களைச் செய்கிறான், பிடிக்காவிட்டால் உதிர்த்துவிடுகிறான். சூரியனை ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை, சூரியனைப் பூட்டிவிட்டால் களத்தில் காப்பிக்கொட்டை எப்படிக் காயும்? அதுவும் போகட்டும், எங்களைத் தடுக்கத் தன் களிமண் ஆள்களை ஒவ்வொருத்தனாக அனுப்பி வெட்டுக்குக் கொடுக்கிறான். இவ்வளவு மோசமாக ஆள் பிரிக்கிறவனை நான் எந்த எஸ்டேட்டிலும் கண்டதில்லை. கிங்ஸ்டனுக்கு வேறு வருத்தம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், மனிதனாகப் பிறந்தவன் சாமி வேலையில் கை வைக்கலாமா என்று முணுமுணுத்துக்கொண்டே வாளை உருவினார்.

அப்போது வில்லன் எழுந்து நின்று, "இந்த உலகத்தை நான் அளிப்பேன்" என்று இடி மாதிரி முழங்கினான்.

கிங்ஸ்டன் கை அப்படியே நின்றுவிட்டது. "ஏனுங்க ரைட்டரே, குடுக்கறேன்னுதானே சொல்றான். இவனை எதுக்குங்க வெட்டோணும்?" என்றார்.

எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. குரலை எவ்வளவுதான் பெருக்கி, குகைக்குள்ளிருந்து பேசுவதுபோல மாற்றியிருந்தாலும், அழிப்பேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அளிப்பேன் என்று சொல்கிற ஒருத்தனைத்தான் நான் பெற்றிருக்கிறேன். வாழைப்பழம் கேட்டு அழுத காலத்திலிருந்தே உனக்கு அந்த எழுத்து வந்ததில்லை. மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் கிங்ஸ்டனை அனுப்பிவிட்டு, நம் ஆளை ஒரு தூணுக்குப் பின்னால் நிறுத்தினேன்.

தூணுக்குப் பின்னால் நின்றால் வில்லன் அடிப்பதில்லை, பேசிக்கொண்டே இருக்கிறான். இத்தனை பேரைப் படைத்தேன், ஒருவரும் என்னோடு தங்கவில்லை, வருகிறவரெல்லாம் வாளோடு வருகிறார்கள் என்கிறான். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். நீ என்னிடம் போனில் பேசியதையெல்லாம் சேர்த்து வைத்தாலும் இவ்வளவு வராது. அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் டிவியைப் போடுவேன், அவன் பேசப் பேச அடுப்பைப் பற்ற வைப்பேன், தட்டை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவேன். நடுவில் நானும் ஏதாவது சொல்வேன். ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்பேன். மண்டியிடு, மானிடனே என்பான். சேர்வராயனுக்காவது திருவிழா என்றால் மலை தாங்காத கூட்டம் வருகிறது, இந்தக் கடவுளுக்கு நான் ஒருத்தன்தான்.

ஒருநாள் உன் அம்மா போன் செய்தபோது அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்துவிட்டது. தினேஷ் வந்திருக்கிறானா என்று கேட்டாள். வில்லனாக வந்திருக்கிறான் என்று விளக்கிச் சொன்னேன். அப்புறம், "போனைச் சித்த டிவிகிட்ட வெய்யுங்க" என்றாள். வைத்தேன். நீ உலகத்தை மறுபடி மறுபடி அளித்து முடிக்கிற வரைக்கும் கேட்டுவிட்டு, "தொண்டை கட்டியிருக்குதுங்க அவனுக்கு. மொளகுப் பால் குடிக்கச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன், குடி.

போன வாரம் மாத்திரை வாங்க ஏற்காடு போயிருந்தேன். வீட்டுச் சாவி கிங்ஸ்டனிடம் இருந்தது. பஸ் இறங்கி வந்தால், மனிதர் வாசலிலேயே நின்று என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். ஜெயிக்கத் தெரியாமல்தான் நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்து காலம் தள்ளுகிறேன் என்று நினைத்து, எனக்கு ஒரு உபகாரமாக இருக்கட்டும் என்று வில்லனை வெட்டிச் சாய்த்துவிட்டார். "உங்க பையன் பேருகூட வந்துச்சுங்க. ஆனா பாவம், வில்லன்னு போட்டுட்டாங்க" என்றார். டிவியில் அரண்மனை இடிந்து கிடந்தது. பெட்டி திறந்து சூரியன் வெளியே வந்து மலையெல்லாம் வெயில் அடித்தது. அவ்வளவு பொல்லாத வெயிலை நான் பார்த்ததில்லை.

கிங்ஸ்டனை என்ன சொன்னேன் என்று இதில் எழுதமாட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனவர், மறுநாளே செம்மநத்தத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். செத்த வில்லனை எழுப்ப வழி உண்டா என்று ஆரிப் பாயிடம் கேட்டேன். முதலிலிருந்து ஆடினால் வருவான் என்றார். ஆடினேன். பாலம் வந்தது, நம் ஆள் விழுந்தான். இப்போது பாலத்தைத் தாண்ட வைக்கவும் ஆளில்லை, திட்டவும் ஆளில்லை. டிவியை அணைத்தால் சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. குழாய்க்குப் புது வாஷர் வாங்கிப் போட்டேன், அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

ஆகவே உன் கம்பெனியாரிடம் நான் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அடுத்த கேமில் வில்லனைக் கொல்லாமல் முடிக்க ஒரு வழி வையுங்கள். அவனோடு உட்கார்ந்து டீ குடிக்க ஒரு பொத்தான் இருந்தால் போதும். அவன் கடவுளாக ஆசைப்பட்டது தப்புதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பேச்சுத்துணைக்கு நாலு பேர் இருந்திருந்தால் அந்த ஆசையே வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். மற்றபடி எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. இதற்காக லீவு போட்டுக்கொண்டு வந்து நிற்காதே. அம்மாவையும் உடனே கிளம்பி வரச் சொல்லாதே, பேரன் தேடுவான். தனியாக இருப்பது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

நோய்நொடி அண்டாமல், தொண்டை கட்டாமல், நெடுநாள் நன்றாக இரு சாமி.

இப்படிக்கு,
உன் அப்பா,
காளியண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் கிங்ஸ்டன் வந்து கதவைத் தட்டினார். தங்கை வீட்டிலிருந்து ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வில்லன் பேசியது உன் குரல் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். மனிதர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திரும்பவும் ஆடி அவனை எழுப்பித் தருகிறேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். "செத்தவனை எழுப்பறதெல்லாம் சாமி வேலைங்க. இருக்கறவனைப் போய்ப் பாக்கறதுக்குச் சேலத்துல ரயில் இருக்குதுங்களே" என்றார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நாளைக்குக் காலை பஸ்ஸில் மலை இறங்குகிறோம், அவரும் வருகிறார். கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். படித்து முடித்ததும் ஏதாவது பேசு. எதுவானாலும் சரி, கொஞ்ச நேரம் பேசு.