எந்தூர் மேடமும் அம்மாவின் வெள்ளிக் காப்பும்

வெள்ளி நகை போட்டவர்களை எந்தூர் மேடம் பயமுறுத்திய அளவுக்கு உலகத்தில் எந்தத் திருடனும் பயமுறுத்தியிருக்க மாட்டான்.

கிழக்குத் தாம்பரத்தில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் மேடம் எனக்குப் பக்கத்து அறை. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. ஆனால் அது உபதொழில்தான். பழைய வெள்ளி நகை எந்த ஊரில் பிறந்தது என்று கண்டுபிடிப்பதே முழுநேர வேலை. யாருடைய முகத்தையும் பார்த்து அவர் பேசியதில்லை. கை, கால், இடுப்பு, அவ்வளவுதான். "எந்தூரு?" என்பார். நம்மையல்ல, கொலுசை.

ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் அக்காவின் தண்டையைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டார்.

"இன்னா மேடம், கால புடிச்சிகினு கீறீங்க? ஆசீர்வாதம் பண்ணணுமா?"

"அசையாதீங்க. இது ஒடிசா."

"நான் ஊரப்பாக்கம்."

பளபளப்பை நம்பாதே, அழுக்கை நம்பு என்பது மேடத்தின் கொள்கை. இடுக்கில் படிந்த கருப்பும் பற்றவைத்த இடமும் ஊரைச் சொல்லிவிடுமாம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் கால் வைத்தவள் நான். யார் எதைச் சொன்னாலும் போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். மேடம் சொன்னதில் பாதி சரியாகவே இருந்தது. மீதிப் பாதியில் வார்டன் அக்கா மாட்டினார். அவர் கொலுசைப் பார்த்து, "ராஜஸ்தான். நூறு வருஷம் இருக்கும்" என்றார் மேடம்.

"போன தீபாவளிக்கு மார்க்கெட்ல வாங்கினேன் மேடம். பில்லு இருக்கு."

சாப்பாட்டு அறையே சிரித்தது. மேடம் ரசம் சாதத்தைத் தள்ளி வைத்தார். என் போனில் இருந்த அம்மா படத்தைக் காட்டச் சொன்னார். அம்மா கோவளத்தில் மீன் விற்பவர். படத்தில் அவர் கையில் தடித்த வெள்ளிக் காப்பு.

"இதைக் கொண்டு வரச் சொல்லும்மா. ஊரைச் சொல்லலைன்னா, இனிமே ஜென்மத்துக்கும் யாரையும் எந்தூருன்னு கேக்க மாட்டேன்."

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார் வார்டன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தார். காப்பு கண்ணைப் பறித்தது. மேடம் லென்ஸை வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"என்னம்மா செஞ்சீங்க இதை?"

"படிச்சவங்க கைல அழுக்கோடவா குடுப்பாங்க? புளியில ஊற வச்சு, செங்கப்பொடி போட்டு நல்லா தேச்சேன். புச்சு மாதிரி கீது பாருங்க."

ஊர், பேர், பற்றவைத்த இடம் எல்லாவற்றையும் அம்மா சேர்த்தே தேய்த்திருந்தார்.

மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் பேஜார். பூக்கார அக்கா தண்டையைக் குலுக்கிக் காட்டினார். மேடம் சிக்னலைப் பார்த்துக்கொண்டே போனார். "உங்க மேடத்துக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று என்னிடம் விசாரணை. விடுதியில் வார்டன் அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கொலுசு தெரிய, மேடம் அறை வழியாகப் போனார், வந்தார். மேடம் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அடுத்த வாரம் மீன் குழம்பும் ஒரு துணி முடிச்சுமாக விடுதிச் சாப்பாட்டு அறையில் வந்து இறங்கினார்.

"காப்பு ஜோடி மேடம். இது என் சோத்தாங்கைல ஏறாது, பொட்டியிலயே கெடக்குது. தண்ணிகூட காட்டல."

கரிக்கட்டை மாதிரி இருந்தது. மேடத்தின் கை நீண்டது, பாதியில் நின்றது. வார்டனைப் பார்த்தார்.

"கேட்டுத் தொலைங்க மேடம். ஹாஸ்டலே எழவு வீடு மாதிரி இருக்கு."

"எந்தூரு?" என்று காப்பைக் கேட்டார் மேடம்.

குழம்பு ஆறும்வரை பார்த்தார். பிறகு, "கத்தியவார்" என்றார்.

"அது எங்க கீது?"

"குஜராத்துல. கடலோரம்."

"கடலோரமா? அப்ப நம்ம சனந்தான்" என்று அம்மா அவர் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டார்.

கத்தியவார் சரிதானா என்று போனில் ஒரு நிமிடத்தில் தேடிவிடலாம். நான் இன்றுவரை தேடவில்லை.